இரண்டு நாள் லீவு கூடுதலாகப் போடு

கொழிஞ்சாம்பாறை,
கார்த்திகை 10

அன்புள்ள கண்ணு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆடியில் அப்பாவுக்கு ஈரலில் கட்டி வந்து கரைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். அது பாதிக் கதைதான். பதறாமல் படி. அப்பா இப்போது திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

அப்போது ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆனால் குளிர்க்காய்ச்சல். கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். வலது விலாவுக்குக் கீழே கையை வைக்கவே விடவில்லை. முதலில் சேர்த்த மருத்துவமனையில், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் என்றதும் "கள் குடிப்பாரா?" என்று கேட்டார்கள். கள் குடிப்பவர்களுக்கு அதிகம் வரும், அமீபா என்ற நுண்ணுயிரால் உண்டாகும் கட்டியாக இருக்கும் என்ற எண்ணம். கேட்டதில் தப்பில்லை, ஆனால் உன் அப்பா கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். ஸ்கேன் எடுத்து, விலா வழியாகக் குழாய் விட்டுச் சீழை வெளியே எடுத்தார்கள். ஒன்பது நாள் அந்தச் சீழ் வடியும் பையை நான்தான் காலி செய்தேன். அமீபாச் சீழ் செம்பழுப்பாக இருக்குமாம். இது மஞ்சளாக, கெட்ட வாடையோடு வந்தது. பரிசோதனையில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்று தெரிந்தது. ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், காய்ச்சல் விட்டது. "சர்க்கரை இருக்கிறதல்லவா, அதனால்தான்" என்று முடித்துவிட்டார்கள். அந்தக் கிருமி ஈரலுக்கு எப்படிப் போனது என்று அவர்களும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்டதை நினைத்து இன்றும் மனம் ஆறவில்லை.

கேட்டவர் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா. புரட்டாசியில் சர்க்கரைக்குக் காட்டப் போனபோது பழைய பைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பித்தப்பையில் கல் இல்லை, பித்தக்குழாயில் அடைப்பு இல்லை, பல்லில் சீழ் இல்லை, ஹீமோகுளோபின் மட்டும் குறைந்து 9.8. "குடலைப் பார்த்தார்களா?" என்றார். இல்லை என்றேன்.

அவர் சொன்னதை நம் ஊர் வாய்க்காலை வைத்துச் சொன்னால் உனக்குப் புரியும். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணைக்கு வந்துதானே நம் பக்கத்து வாய்க்கால்களுக்குப் பிரிகிறது? குடலிலிருந்து வரும் ரத்தமும் அப்படித்தான், போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக முதலில் ஈரலுக்கு வந்து பிறகுதான் உடம்புக்குப் போகிறது. குடலின் உள்தோலில் ஒரு புற்றுக்கட்டி புண்ணாகிப் பொத்தல் விட்டால், அங்கே குடியிருக்கும் கிருமி அந்த ரத்தத்தில் இறங்கி ஈரலில் தங்கிச் சீழ் பிடிக்கிறது. தைவானில் பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். இப்படிச் சீழ்க்கட்டி வந்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகமாக இருந்திருக்கிறது. ஈரல் கட்டி வந்த எல்லோருக்கும் புற்று என்று அர்த்தமில்லை, பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. ஆனால் காரணம் தெரியாத கட்டி என்றால் கொலோனாஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்து பார்த்துவிட வேண்டும் என்றார்.

அப்பா மறுத்தார். வலியைவிட வெட்கம்தான் அவருக்கு. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் "தூளைக் கலக்கு" என்றார். சோதனைக்கு முன் குடலைச் சுத்தமாக்க, இரண்டு லிட்டர் தண்ணீரில் பேதிமருந்துத் தூள். கால் மணிக்கு ஒரு டம்ளர். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக் கொடுத்தேன். ராத்திரி முழுவதும் கொல்லை விளக்கை அணைக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார், நான் பின்னாலேயே நடந்தேன். விடியும்போது தெளிந்த தண்ணீராகப் போனது. மயக்க ஊசி போட்டதால் சோதனை நடந்ததே அவருக்குத் தெரியவில்லை.

வலப்பக்கக் குடலில் புற்றுக்கட்டி இருந்தது. அந்த வாரமே அறுவைச் சிகிச்சை. நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவவில்லை, கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்ற பயம். அந்தச் சத்தியத்தை இன்று மீறுகிறேன், ஏனென்றால் இனி இது உன் விஷயம்.

அப்பாவுக்கு இருந்ததால் பிள்ளைகள் 40 வயதிலேயே கொலோனாஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமாம். பெற்றவருக்கு ஐம்பதுக்கு முன்பே வந்திருந்தால், அந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே. பாலிப் என்ற சிறு சதை வளர்ந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்போல ஆகும், அதுவரை வலியும் இருக்காது. அக்காவுக்கு 43. ஐப்பசியில் பொள்ளாச்சியிலிருந்து வந்து செய்துகொண்டாள். ஒரு சிறு பாலிப் இருந்தது, அந்தச் சோதனையிலேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

தையில் உனக்கு 40 முடிகிறது. உடம்பில் ஒன்றும் இல்லையே என்று சொல்லாதே, அப்பாவும் அதையேதான் சொன்னார். மலத்தில் ரத்தம் பார்க்கும் சோதனை போதுமா என்று நான் கேட்டேன். அப்பாவுக்கு வந்த பிறகு உனக்குக் குழாய் விட்டுப் பார்ப்பதுதான் சரி என்றார் டாக்டரம்மா. ரிப்போர்ட்டுகளை நகல் எடுத்துப் பீரோவில் நீல பைலில் வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு தோஹாவிலிருந்து டிக்கெட் போடும்போது இரண்டு நாள் லீவு கூடுதலாகப் போடு. பொங்கல் முடிந்து வரும் திங்கட்கிழமைக்கு டாக்டரம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டேன். தூளைக் கலக்கிக் கொடுக்க நான் இருக்கிறேன், கொல்லை விளக்குக்கும் புது பல்பு போட்டாகிவிட்டது.

அம்மா