தண்ணீர் வந்த நாள்களையும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கிராமத்து வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2019 ஆகஸ்டு 15-இல் அறிவித்தபோது நாடு முழுக்கக் கிராமங்களில் 3.23 கோடி வீடுகளுக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. இன்று 15 கோடியைத் தாண்டிவிட்டது. சாதனைதான். 2024-க்குள் எல்லா வீட்டுக்கும் என்ற கெடு தவறி, 2028 வரை நீட்டியிருக்கிறார்கள். சரி, அதையும் விடுவோம். கொடுத்தாயிற்று என்று கணக்கெழுதிய குழாய்களைப் பற்றித்தான் என் கேள்வி.

ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குடிக்கத்தக்க தரத்தில், தவறாமல் வர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், குழாயின் கடைசிக் கோடியில் இருக்கிறது. காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து வந்து சேர வேண்டும். வழியில் எங்கே குழாய் உடைந்தாலும், கரண்ட் போனாலும், முதலில் காய்வது நாங்கள்தான். வாசலில் குழாய் நிற்கிறது. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போவதும் நிற்கவில்லை. டெல்லி கணக்கில் எங்கள் வீடுகளில் வேலை முடிந்துவிட்டது.

கழிப்பறைக் கதையும் இதுவேதான். தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியம் வாங்கிக் கட்டினோம். 2019 அக்டோபர் 2-இல், கிராமங்களில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். குடிக்கவே காசு கொடுத்துக் குடம் வாங்கும் வீட்டில், கழிப்பறையில் ஊற்ற யார் தண்ணீர் சுமப்பது? சில வீடுகளில் அதற்குள் விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்து, ஜனங்களுக்குப் பழக்கம் மாறவில்லை என்று திட்டுகிறவர்கள் பக்கத்துக் குழாயையும் ஒருமுறை திருகிப் பார்க்கலாம்.

புதிதாகக் கட்டுவதற்கு நிதி வருகிறது. மோட்டார் பழுது, மின்கட்டணம், தொட்டி கழுவுவது, குளோரின், டேங்க் ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் ஊராட்சியின் தலையில். 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கியது உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்த மாதமே மத்திய பட்ஜெட், குடிநீர்த் திட்டங்களை மக்கள் பங்கேற்போடு பராமரிப்போம் என்றது. தேர்ந்தெடுத்த தலைவரே இல்லாத ஊராட்சியில் மக்கள் யாரிடம் போய்ப் பங்கேற்பது?

2028-க்குப் புதுக் கெடு வைத்தவர்கள் அளவுகோலையும் மாற்ற வேண்டும். எந்த ஊரில் மாதத்தில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரம் வந்தது, பரிசோதனை முடிவு என்ன என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கட்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராமசபையில் அதை வாசித்து, மக்கள் ஒப்புக்கொண்ட பிறகு அந்த எண்ணை டெல்லிக்கு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இராமநாதபுரம் மாவட்டம்.