உங்கள் முழங்காலுக்கு ஏற்ற பாதை ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன்

டப்ளின்,
14.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? போன வாரம் வீடியோவில் பேசும்போது நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழவில்லை என்று தெரிந்தது. எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷம் ஊரார் கடுதாசியை எல்லாம் சுமந்து கொடுத்தவர் நீங்கள். பெற்ற மகள் உங்களுக்கென்று ஒரு கடுதாசி போடாமல் ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது எனக்குத் தெளிவாகவே கேட்டது. "அந்தக் குளிர்ல பிள்ளைகள வீட்டுக்குள்ளயே அடச்சுப் போட்டிருக்கியா?" இல்லை அப்பா. மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக்கு டியூட்டி இருக்காது. மழையோ வெயிலோ, அந்த இரண்டு நாளும் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவோம்.

டப்ளினுக்குத் தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் விக்லோ மலைகள். மலை என்றதும் பொதிகையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஆக உயரமான லக்னக்குவில்லாவே 925 மீட்டர்தான், நம் அகத்தியர் மலையில் பாதிகூட வராது. உச்சியில் மரமும் கிடையாது. கறுத்த சதுப்பு மண், அதன்மேல் ஹெதர் என்று ஒரு குட்டைச் செடி. ஆகஸ்டில் அது பூத்தால் மலை முழுக்க ஊதாக் கம்பளி போர்த்தினது போல ஆகிவிடும். போன வாரம்கூடக் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அந்த மலைகளுக்கு நடுவில் கிளெண்டலாக் என்று ஒரு பள்ளத்தாக்கு. ஐரிஷ் மொழியில் 'இரண்டு ஏரிப் பள்ளத்தாக்கு' என்று அர்த்தமாம். ஆறாம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி இங்கே வந்து தனியாகத் தவம் இருந்தார். பிறகு ஆட்கள் சேர்ந்து பெரிய மடமே உண்டாகிவிட்டது. அவர் கையை நீட்டிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தபோது ஒரு கரும்பறவை உள்ளங்கையில் கூடு கட்டி முட்டையிட்டுவிட்டதாம். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை கையை மடக்காமல் இருந்தார் என்று கதை. கதிர் இதைக் கேட்டதிலிருந்து கையை நீட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறான்.

உங்களுக்காக நான் பார்த்துவைத்திருக்கும் பாதை இங்கேதான் இருக்கிறது. 'கிரீன் ரோடு' என்பார்கள். மொத்தம் 3 கிலோமீட்டர், ஏற்றமே இல்லை. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். மேல் ஏரியிலிருந்து கிளம்பி, ஓக் மரக் காட்டுக்குள் நுழைந்து, கீழ் ஏரிக் கரையோரமாக வந்து, பழைய மடத்தருகே ஆற்றைத் தாண்டித் திரும்ப வேண்டியதுதான். வழிநெடுக மரக்கம்பத்தில் பச்சை அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம் வைத்திருப்பதால் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கேளுங்கள், இந்த ஊர்க்காரர்களுக்கும் நின்று பேசப் பிடிக்கும்.

மரப்பாலத்துப் பக்கத்தில் ஒரு கல் கிடக்கிறது. முதல் தடவை பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். நம் பின்வாசலில் கிடக்குமே ஆச்சியின் பழைய உரல், அதே மாதிரி! வட்டமாக, உட்புறம் வழவழவென்று தேய்ந்த குழி. அதில் மழைத்தண்ணீர் தேங்கி, ஒரு ஓக் இலை மிதந்துகொண்டிருந்தது. 'மான் கல்' என்று பெயர். தாய் செத்துப்போன இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் இல்லாமல் அந்தத் துறவி பிரார்த்திக்க, ஒரு பெண்மான் தினமும் வந்து இந்தக் குழியில் பால் சொரிந்துவிட்டுப் போனதாம். அம்மாவிடம் இதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். இந்தக் கல்லைப் பார்க்கவாவது அவள் விமானம் ஏறச் சம்மதிப்பாள்.

மடத்தில் 30 மீட்டர் உயரத்தில் ஒரு வட்டக் கோபுரம் நிற்கிறது. ஆயிரம் வருஷத்துக் கட்டடம். வாசல் தரையில் இல்லை, மூன்றரை மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். ஏணி போட்டுத்தான் ஏறியிருக்க வேண்டும். சுற்றிலும் கல்லறைகள், அவற்றின்மேல் பாசி. யாழினி ஒவ்வொன்றிலும் வருஷத்தைத் தேடி வாசித்துக்கொண்டே வருவாள்.

கால் ஒத்துழைத்தால் இன்னொரு நாள் மேல் ஏரியின் வடகரையில் 'மைனர்ஸ் ரோடு'. போய்வர 5 கிலோமீட்டர், அதுவும் சமதளம்தான். கடைசியில் ஈயச் சுரங்கத் தொழிலாளிகள் இருந்த ஊர், இப்போது சுவர்கள் மட்டும் நிற்கின்றன. வழியில் வரிசையாக நிற்கும் பைன் மரங்களைச் சுரங்கத்துக்கு முட்டுக்கட்டை வெட்டுவதற்காகக் கம்பெனியே நட்டதாம். சுரங்கம் மூடிப்போய் மரங்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றின் நிழலில்தான் நாங்கள் சாதம் பிரிப்போம்.

எதிரே தெரியும் செங்குத்துச் சரிவுக்கு ஸ்பிங்க் என்று பெயர். பழைய ரயில் கட்டைகளை அடுக்கி 600 படிக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். அங்கே உங்களைக் கூட்டிப்போக மாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் டிசம்பரில், விவரம் தெரியாமல் மத்தியானம் இரண்டு மணிக்கு நாங்கள் அதில் ஏறினோம். மூன்று வயசு யாழினி உங்கள் மருமகன் தோளில். எனக்குக் காலில் ஜீன்ஸ், கான்வாஸ் ஷூ. பாதிப் படியில் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நனைந்த ஜீன்ஸ் ஈரக்கோணி போலத் தொடையில் ஒட்டிக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின. அந்த மாதத்தில் இங்கே நாலேகாலுக்கெல்லாம் சூரியன் அடைந்துவிடும். "திரும்பிடுவோம்" என்று அவர்தான் சொன்னார். கட்டைகளில் வழுக்காமலிருக்கக் கம்பிவலை அடித்திருந்தார்கள், அதைக் காலால் தடவித் தடவி இறங்கினோம். அன்றிலிருந்து பருத்தித் துணி போட்டு மலைக்குப் போவதில்லை. குளிர்காலத்தில் பத்து மணிக்குள் கிளம்பிவிடுவோம். பையில் டார்ச்சும் ஆளுக்கொரு ஜோடி உலர்ந்த காலுறையும் எப்போதும் இருக்கும்.

நீங்கள் நம்ப மறுத்த விஷயம் ஒன்று: இந்த நாட்டில் பாம்பே கிடையாது. செயின்ட் பேட்ரிக் விரட்டினார் என்று கதை சொல்வார்கள். உண்மையில் பனியுகம் முடிந்தபின் கடல் சூழ்ந்துவிட்டதால் பாம்புகள் வந்துசேரவே இல்லை. நீங்கள் தடியால் தட்டித் தட்டிப் பை சுமந்துபோன ஒற்றையடிப் பாதைகள் எனக்கு நினைவுக்கு வரும். உங்கள் பேரன் இங்கே இடுப்பளவு புல்லில் விழுந்து புரளுகிறான்.

ஆனால் நம் செந்தட்டிக்கு இங்கேயும் ஒரு பங்காளி உண்டு. நெட்டில் என்பார்கள். ஜூலையில் கதிர் முழங்காலில் பட்டு, தோல் தடித்து, அலறிவிட்டான். நாயோடு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். பக்கத்திலேயே முளைத்திருந்த அகல இலை ஒன்றைப் பறித்துக் கசக்கி, சாறு வரத் தேய்த்துவிட்டார். அது டாக் இலை. "எங்கம்மா எங்களுக்கு இப்படித்தான் செய்வாள்" என்றார். நர்ஸாக அதை மருந்து என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிள்ளை அழுகையை நிறுத்தினான், அதற்கு நான் சாட்சி. இன்னொன்று உண்ணி. பெரணிப் புதரில் நடந்துவிட்டு வந்தால் ராத்திரி குளிப்பாட்டும்போது பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்துவிடுவேன். லைம் என்ற நோயை அது பரப்பும். கடித்திருந்தால் நசுக்காமல் சிறு இடுக்கியால் நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

நீங்கள் ரசிக்கப்போவது இங்குள்ள படல்களைத்தான். மலை என்றாலும் நிறைய இடம் சொந்தக்காரர் உள்ள நிலம், ஆடு மேய்கிற நிலம். ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் நீலமோ சிவப்போ சாயம் தடவியிருக்கும், யார் ஆடு என்று அடையாளம் தெரிய. விவசாயி மனசு வைத்துத்தான் நாம் நடக்கிறோம். திறந்த படலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும், திறந்தே கிடந்ததை அப்படியே விட வேண்டும். வீடு வீடாகப் படல் திறந்து சாத்தின உங்கள் கைக்கு இது பழகிய வேலை. எங்கள் வீட்டில் கடைசியாக வருகிறவன் கதிர், கொக்கி மாட்டுவது அவன் பொறுப்பு. மாட்டிவிட்டு இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பான்.

இப்போது வேலிகளில் ப்ளாக்பெர்ரி பழுத்துத் தொங்குகிறது. களாப்பழம் பறிக்கிற மாதிரி முள்ளுக்குள் கை விட்டுப் பறிக்க வேண்டும். செப்டம்பர் 29க்குப் பிறகு பறிக்கக் கூடாதாம், சாத்தான் துப்பிவிடுவானாம். பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மேயில் வாருங்கள் அப்பா. அப்போது வேலியெல்லாம் ஹாதார்ன் பூத்து வெள்ளையாக இருக்கும், மாதக் கடைசியில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். அவசரமில்லாமல் நடக்கலாம். தூறல் மட்டும் எப்போதும் உண்டு. டிக்கெட்டைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

ஒரு வேலை செய்யுங்கள். தாளில் பாதத்தை வைத்து, அழுத்தி நின்று, அம்மாவை விட்டுப் பென்சிலால் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் வேண்டும். சாயங்காலம் எடுங்கள், பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. அம்மா காலுக்கும் அப்படியே. பதில் கடுதாசியோடு வைத்து அனுப்புங்கள், ஷூவை நான் இங்கேயே வாங்கிவைக்கிறேன். கைத்தடியை மட்டும் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள்.

உங்கள் அன்பு மகள்