உன் கருதுகோள் எப்போது தோற்கும்?

கண்ணு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை முழுவதும் படித்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் உன் வழிகாட்டி சிவப்பு மையில் "இது கருதுகோள் ஆகாது" என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். அன்றிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னாள். முதலில் சாப்பிடு. அவர் எழுதியது சரிதான். உன் மேல் அக்கறை இல்லாதவராக இருந்தால் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

நீ எழுதிய வரி இது: "பள்ளியில் காலை உணவு சாப்பிடும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்." எனக்கும் அது உண்மை என்றுதான் தோன்றுகிறது. உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசையும் உண்டு. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்வது எப்படி இருக்கும் என்று உன் அப்பத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் இந்த வரி தப்பு என்று தெரியவேண்டுமானால் என்ன நடக்கவேண்டும்? மதிப்பெண் கூடவில்லை என்று வைத்துக்கொள். கவனம் கூடியிருக்கும் என்பாய். கவனமும் கூடவில்லை என்றால் வருகை கூடியது என்பாய். அதுவும் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்பாய். எது நடந்தாலும் அந்த வரி பிழைத்துக்கொள்ளும். உன் வழிகாட்டி சுட்டிக்காட்டிய குறை அதுதான்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. வேதியியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு மில்லுக்கு வந்தவன். நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயப்போட்டு அரைப்பதுதான் என் வேலை. ஆனால் அரிசியைப் பற்றி எழுதப்பட்டதையெல்லாம் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். கருதுகோள் என்றால் என்னவென்று நான் கற்றது பெரிபெரி நோயின் வரலாற்றில்தான். அதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அதில் கெட்டிக்காரர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதை நீ பார்க்கவேண்டும்.

கால் மரத்துப்போகும், பிறகு நடை போகும், சிலருக்கு உடம்பு வீங்கி இதயம் நின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவா, மலாயா, ஜப்பான் நாடுகளின் சிறைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கங்களிலும் பெரிபெரி மனிதர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. காசநோய்க் கிருமியைக் காக் 1882இல் கண்டுபிடித்திருந்தார். எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருக்கும் என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. பெரிபெரிக்கும் கிருமியைத் தேடி டச்சு அரசு 1886இல் ஜாவாவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. அதில் உதவியாளராகப் போன கிறிஸ்டியான் ஐக்மன், பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) ராணுவ மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் தங்கிவிட்டார்.

அவர் கோழிகளுக்கு அந்த நோயைத் தொற்றவைக்கப் பார்த்தார். கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. கிருமிக் கருதுகோள் ஜெயித்தது என்று அங்கேயே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் எதுவும் செய்யாமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த கோழிகளும் அதேபோல் விழுந்தன. அந்த ஒப்பீட்டுக் கோழிகள் மட்டும் இல்லாதிருந்தால் இல்லாத ஒரு கிருமிக்குப் பெயர் வைத்து, பாடப்புத்தகத்தில் ஏற்றி, நம்மையும் படிக்கவைத்திருப்பார்கள். உன் திட்டத்தில் ஒப்பீட்டுக் குழுவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது கண்ணு. அது போதாது.

பிறகு நோய் தானாக நின்றுபோனது. ஏன் என்று விசாரித்தபோதுதான் தீனி சமாச்சாரம் வெளியே வந்தது. ஆய்வுக்கூடத்து ஆள் செலவை மிச்சம்பிடிக்க, மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை வாங்கிக் கோழிக்குப் போட்டிருக்கிறான். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோறு ராணுவத்தைச் சேராத கோழிக்குக் கிடையாது என்று நிறுத்திவிட்டார். ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை அந்தச் சோறு. நோய் தொடங்கியது ஜூலை 10, அடங்கியது நவம்பர் கடைசி. தேதிகள் பொருந்துவதைப் பார்த்ததும் ஐக்மன் துள்ளிக் குதித்து முடிவு எழுதிவிடவில்லை. தேதி பொருந்தியது அவருக்கு ஒரு கேள்வியைத்தான் கொடுத்தது. அதன்பிறகு தவிட்டுத் தோல் நீக்கிய அரிசியை ஒரு கூட்டத்துக்கும், தோலோடு இருக்கும் அரிசியை இன்னொரு கூட்டத்துக்கும் போட்டுப் பார்த்தார். வேகவைத்ததால் வந்த கெடுதலா என்று பச்சையாகவும் போட்டுப் பார்த்தார். தீட்டிய அரிசி எப்படிக் கொடுத்தாலும் நோய் வந்தது. தவிடு சேர்த்தால் குணமானது.

இதுவரை எல்லாம் சரி. ஏன் அப்படி என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு. அரிசி மாவுச்சத்து குடலில் ஒரு நஞ்சை உண்டாக்குகிறது, தவிட்டில் அதற்கு முறிவு மருந்து இருக்கிறது என்றார். 1896இல் அவர் ஊர் திரும்பினார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ், இந்த விளக்கம் எங்கே உடையும் என்று தேடினார். மாவுச்சத்தே இல்லாத இறைச்சியை அதிக வெப்பத்தில் நெடுநேரம் வைத்துக் கோழிகளுக்குக் கொடுத்தார். அப்போதும் நோய் வந்தது. மாவுச்சத்து இல்லாதபோது மாவுச்சத்தின் நஞ்சு எங்கிருந்து வரும்? பச்சைப்பயறு கொடுத்தால் நோய் வரவில்லை என்பதையும் கண்டார். சில உணவுகளில் உடம்புக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இருக்கிறது, அது குறைந்தால்தான் இந்த நோய் என்று 1901இல் எழுதினார். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கிரைன்ஸுக்குக் கிடைக்கவில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்.

ஜப்பான் கடற்படையில் தகாகி கனேஹிரோ என்ற மருத்துவருக்கும் இதேதான் நடந்தது. ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 25 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். 1884இல் சுகுபா என்ற கப்பலை அதே வழியில், உணவை மட்டும் மாற்றி அனுப்பினார். ஒருவரும் சாகவில்லை. அவர் சொன்ன காரணம் புரதக் குறைவு. அது தப்பு. கணிப்பு பலித்துவிட்டால் அதற்கு நாம் சொன்ன காரணமும் சரி என்று மனம் நம்பிவிடுகிறது. ஒரே விளைவை மூன்று நான்கு காரணங்கள் கொடுக்கலாம். அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தனியாக ஒரு சோதனை வேண்டும்.

இனி நீ கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி. ஐக்மனின் நண்பர் வோர்டர்மன் ஜாவாவின் 101 சிறைகளைப் பார்வையிட்டார். கைதிகள் ஏறக்குறைய 2,80,000 பேர். தோல் நீக்காத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி இருந்தது. தீட்டிய அரிசி போட்ட 51 சிறைகளில் 36இல் இருந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகும் அவர் கட்டடத்தின் வயது, காற்றோட்டம், தரை, நெரிசல் எல்லாவற்றையும் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் நோயோடு பொருந்தவில்லை. வேறு எதுவும் காரணமாக இருக்கலாமா என்று தானாகவே தேடிப்போய்ப் பார்த்த அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். உன் பள்ளிகளில் காலையில் சீக்கிரம் வரும் பிள்ளைகள் யார்? பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களா, அம்மா அப்பா விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களா? உன் கேள்வித்தாளில் அதைக் கேட்கவே இல்லை.

அடுத்தது நம் ஆட்கள் சம்பந்தப்பட்டது. மலாயாவில் வெள்ளீயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் செத்துக்கொண்டிருந்தபோது, அதே ஊர்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. பச்சரிசி நாள்பட்டால் அதில் நஞ்சு உண்டாகிறது என்பது அவருடைய விளக்கம்.

கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்தார். 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கட்டடம், இரட்டைப்படை எண்காரர்கள் எதிர்க் கட்டடம். யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை, வரிசைதான் தீர்மானித்தது. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஒரு பக்கம் அதுவரை போட்டுவந்த பச்சரிசி, மறுபக்கம் புழுங்கல் அரிசி. நோய் இடத்தால் வருகிறது என்று பலர் நம்பினார்கள் அல்லவா, அதற்காகப் பாதியில் இரு கூட்டத்தையும் கட்டடம் மாற்றி வைத்தார். நோய் கட்டடத்தோடு நிற்காமல் அரிசியோடு போனது. ஒரு வருட முடிவில் பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

அந்த 18 பேரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். சம்மதம் கேட்கப்படாதவர்கள். கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்கமாட்டார்கள். இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. நீ பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்யப்போகிறவள். ஒப்பீட்டுக்காக எந்தப் பிள்ளையின் தட்டையும் காலியாக வைக்கக்கூடாது.

ஃபிளெட்சர் முடிவுரையில் செய்த ஒன்றை நீயும் செய். அரிசிக்குத் தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொன்னவர், எப்படி என்பதற்கு மூன்று வழிகளைத் திறந்தே வைத்தார்: அரிசியில் நஞ்சு இருக்கலாம், புரதம் குறைவாக இருக்கலாம், சத்தில்லாத அரிசியால் உடம்பு இளைத்து ஏதோ ஒரு கிருமிக்கு இடம் கொடுக்கலாம். தன் சோதனை எதுவரை பேசும், அதற்குமேல் எங்கே பேசாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்றும் தப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்கள் சுமார் 300 பேரிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு கோழிகளிடம் போனார்கள். புதிதாக அரைத்த பச்சரிசியும் நோயைக் கொடுத்தது. பிராடனின் நாள்பட்ட நஞ்சு அதோடு விழுந்தது. ஆல்கஹாலில் அலசிய புழுங்கல் அரிசி தன் காக்கும் சக்தியை இழந்தது. அப்படியானால் அரிசியிலிருந்து ஏதோ ஒன்று கரைந்து போகிறது. 1926இல் ஜான்சன், டொனாத் என்ற இருவர் ஜாவாவிலேயே அதைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். வைட்டமின் பி1, தயமின்.

நம் மில்லில் நடப்பதும் இதுதான். நெல்லைத் தொட்டியில் ஊறவைக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் தண்ணீரில் கரைந்து அரிசிக்குள் இறங்குகிறது. ஆவியில் அவிக்கும்போது மாவு இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு பாலிஷரில் தவிட்டை எடுத்தாலும் உள்ளே போனது முழுவதும் வெளியே வராது. நம் பாட்டிமார் இதைத் தெரிந்து செய்யவில்லை. அவித்த நெல் குத்தும்போது உடையாது, பூச்சி சீக்கிரம் அண்டாது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் செய்தது நல்லது. அது ஏன் நல்லது என்று கண்டுபிடிக்கப் பலர் நாற்பது வருடத்துக்கு மேல் தப்புத்தப்பாக யோசித்துத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டுக்கும் மரியாதை உண்டு.

இப்போது உன் வரிக்கு வா. தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. இடையில் கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு இருக்கிறது. யாருடைய தட்டையும் எடுக்காமல், முன்னால் பெற்ற பள்ளிகளையும் பின்னால் பெற்ற பள்ளிகளையும் அந்த ஓராண்டுக்கு ஒப்பிடலாம். ஆனால் முதல் பள்ளிகளை யாரும் ஒற்றைப்படை இரட்டைப்படை பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் 2022க்கு முந்தைய பதிவேடும் வேண்டும். முன்பே இரண்டும் ஒரே போக்கில் போனவையா என்று பார்க்காமல் மேலே போகாதே.

"நன்றாகப் படிக்கிறார்கள்" என்பதை விடு. ஒன்றை மட்டும் எடு. வருகையை எடுத்தால் இப்படி எழுதலாம்: திட்டம் முதலில் வந்த பள்ளிகளில் அந்த ஆண்டு மாத வருகை விழுக்காடு, இன்னும் வராத பள்ளிகளைவிட அதிகமாக உயர்ந்திருக்கும், காலையில் வீட்டில் சமைக்க முடியாத குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்த உயர்வு கூடுதலாக இருக்கும். இரண்டாவது பாதிதான் முக்கியம். உயர்வு எல்லாப் பிள்ளைகளிடமும் சமமாக இருந்தால் உன் "பசி" விளக்கம் பலவீனமாகிறது. புதிய தலைமையாசிரியரோ, வருகைப் பதிவில் வந்த கண்டிப்போ காரணமாக இருக்கலாம். எவ்வளவு உயர்ந்தால் உயர்வு என்று ஒத்துக்கொள்வாய் என்பதையும் எண்ணாகவே எழுதித் தேதி போட்டு உன் வழிகாட்டியிடம் கொடுத்துவிடு. தரவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கொடு. பார்த்த பிறகு எழுதினால் கை தானாக வளையும்.

அந்த வருடத்து வருகைப் பதிவேடுகள் பள்ளிகளில் முழுசாகக் கிடைக்குமா, கோவிட் மூடலுக்குப் பிறகான முதல் வருடம் என்பதால் ஓட்டை இருக்குமா என்று விசாரித்து எழுது. ஓட்டை இருந்தால் வேறு அளவைத் தேடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மில் விடுமுறை, மதியத்துக்குமேல் கூப்பிட்டால் சாவகாசமாகப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா