தமிழ்க் குறிச்சொற்களை வெட்டிவிட்ட உங்கள் புதிய பதிப்பு: புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், திருநெல்வேலி

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

நாள்: 2 டிசம்பர் 2024

பொருள்: புதிய பதிப்புக்கு மாறியதில், படங்களைத் தேடி எடுக்க நான் எழுதிவைத்த குறிச்சொற்கள் சிதைந்தது, தானாக நிரம்பும் ஸ்மார்ட் ஆல்பங்கள் நின்றுபோனது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் புகைப்பட மென்பொருளை 2015 முதல் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வருகிறேன். கடந்த நவம்பர் 9ஆம் தேதி அது என்னிடம் கேட்காமலே புதிய பதிப்புக்கு மாறியது. ஒன்றரை மணி நேரம் ஏதோ ஓடியது. முடிந்ததும் பார்த்தேன், 41,000 படங்களும் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. அதனால் பத்து நாள் வரை எனக்கு எதுவும் தெரியவில்லை.

நான் நாங்குநேரிப் பக்கத்துக் குளங்களில் பறவைகளைப் படம் எடுப்பவன். பெரும்பாலும் கூந்தன்குளம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர், பின்னர் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, தெருவில் வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது என் பழைய படங்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள். அப்படித்தான் நவம்பர் 19 அன்று ஒரு கல்லூரி மாணவி, கறுப்பு அரிவாள் மூக்கன் எந்தெந்த மாதங்களில் எந்தக் குளத்தில் இருந்தது என்று கேட்டார். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினேன். ஒரு படமும் வரவில்லை. வெள்ளை அரிவாள் மூக்கன் என்று தட்டினால் 1,140 படங்கள் வந்தன.

குறிச்சொல் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. ‘கறுப்பு அரிவாள் மூக்கன’ என்று இருந்தது. கடைசி ன் மேல் புள்ளி இல்லை. அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

வெள்ளை தப்பிக் கறுப்பு மட்டும் ஏன் மாட்டியது என்று இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். காரணம் இதுதான். புதிய பதிப்பு குறிச்சொற்களைப் படக் கோப்புக்குள், படத்தின் விவரங்களை எழுதிவைக்கும் பழைய ஐபிடிசி முறையில் எழுதுகிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த அந்த முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் அளவு) இடம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் யாருக்கும் இடிக்காது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. கணக்குப் போட்டால் வெள்ளை அரிவாள் மூக்கன் 62 பைட், கறுப்பு அரிவாள் மூக்கன் 65. ஒரே ஒரு பைட் மிஞ்சியதற்காக உங்கள் மென்பொருள் புள்ளியை அறுத்துவிட்டு, அறுந்ததையே திரும்பப் படித்துத் தன் பட்டியலிலும் ஏற்றிக்கொண்டது. படத்தின் விவரங்களை எழுத 2001இல் வந்த எக்ஸ்எம்பி என்ற இன்னொரு முறையில் இந்த வரம்பே கிடையாது. உங்கள் முந்தைய பதிப்பு அதில்தான் எழுதியது, எனக்கு ஒரு நாளும் சிக்கல் வந்ததில்லை.

சரி, மூக்கனுக்குப் புள்ளி வைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. திருத்தவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது, நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அதற்காகத்தான். ‘கூந்தன்குளம் வடக்குத் தெரு வேம்பு’, ‘கூந்தன்குளம் வடக்குத் தெரு புளி’, ‘கூந்தன்குளம் வடக்குத் தெரு அரசு’ என்று மரத்துக்கு ஒரு குறிச்சொல் வைத்திருந்தேன். மூன்றுக்கும் முதல் 64 பைட் ஒன்றுதான். வெட்டியதும் மூன்றும் ‘கூந்தன்குளம் வடக்குத்’ என்ற ஒரே சொல்லாகிவிட்டன. இப்போது அதைச் சொடுக்கினால் 2,300 படங்கள் கலந்து கிடக்கின்றன. எது வேம்பு, எது புளி என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கூட்டை நெருக்கத்தில் எடுத்த படத்தில் சுள்ளியும் குஞ்சும் தாயின் அலகும்தான் தெரியும். என் கேமராவில் ஜிபிஎஸ் இல்லை. எந்த மரம் என்பது அன்று மாலையே வீட்டுக்கு வந்து நான் எழுதிவைத்த அந்தச் சொல்லில் மட்டுமே இருந்தது. மஞ்சள் மூக்கு நாரை ஒரே வேம்புக்கு எத்தனை ஆண்டு தொடர்ந்து வந்தது, எந்த ஆண்டு கிளையை வெட்டிய பிறகு புளிக்கு மாறியது என்பதெல்லாம் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது கொக்கு. பட்டியலில் ‘கொக்கு’ இரண்டு முறை வருகிறது, ஒன்றில் 870 படம், இன்னொன்றில் 214. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதியே சொல்கிறது. முந்தைய பதிப்பு அதை அறிந்திருந்தது. புதியது இரண்டு வெவ்வேறு சொல்லாகப் பிரித்துவிட்டது.

ஸ்மார்ட் ஆல்பங்களும் போய்விட்டன. ‘கூடு’ என்ற சொல்லும் குளத்தின் பெயரும் சேர்ந்திருந்தால் படம் தானாக வந்து விழும்படி 38 ஆல்பங்கள் அமைத்திருந்தேன். எல்லாம் சாதாரண ஆல்பங்களாக உறைந்து நிற்கின்றன. புதிதாக எடுக்கும் படம் எதிலும் சேர்வதில்லை.

உங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் இரண்டுக்கும் ஒரே பதில், தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்று. மூன்றாவது பதில்தான் என்னை மிகவும் புண்படுத்தியது. குறிச்சொற்களை ஆங்கிலத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்ளும்படி அதில் எழுதியிருந்தது. மடையான், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா என்ற பெயர்களை நான் இந்த ஊர்களில் ஆட்களிடம் கேட்டு எழுதினேன். ஆடு மேய்க்கிறவர் ஒரு பறவையைச் சொன்ன பெயரிலேயே அந்தப் படத்தைத் தேடி எடுக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் தமிழில் வைத்தேன். தமிழ் உட்பட இந்திய மொழிகள் எல்லாவற்றிலும் தேடலாம் என்று உங்கள் விளம்பரத்தைப் பார்த்தே பணம் கட்டினேன்.

அக்டோபர் 27 அன்று எடுத்த முழு நகல் என் வெளி வட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைத் திறக்கப் பழைய பதிப்பு வேண்டும். பழைய பதிப்பை நிறுவினால் உரிமம் செல்லாது என்று உங்கள் சர்வர் மறுக்கிறது. அந்தத் தடையை நீக்கிப் பழைய பதிப்பை எனக்குத் திறந்துவிடுங்கள், அதுதான் முதல் தேவை. அக்டோபர் 27க்குப் பிறகு எடுத்த 900 படங்களுக்கு நானே மறுபடி சொல் எழுதிக்கொள்கிறேன். இந்த வெட்டுப் பிழையைச் சரிசெய்யும்வரை தானாக மாறும் வசதியை நிறுத்திவைக்க வேண்டும். தமிழில் குறிச்சொல் வைத்திருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். அவர்களில் பலர் இன்னும் பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார்கள், பழைய நகலை அழித்துவிட்டால் மீளவே முடியாது. இந்த ஆண்டுக் கட்டணம் 3,200 ரூபாயையும் திருப்பித் தரக் கேட்கிறேன்.

டிசம்பர் 17க்குள் ஒரு பொறியாளர் படித்து எழுதிய பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் மனுக் கொடுக்கவும் முடியும். எனக்கு வழக்கில் ஆசை இல்லை. ஜனவரிக் கணக்கெடுப்புக்கு முன்னால் அந்த மூன்று மரங்களும் தனித்தனியாக வேண்டும்.

வேம்பில் ஒன்று, புளியில் ஒன்று என இரண்டு படக் கோப்புகளையும், சிதைந்த பட்டியலின் திரைப்பிடிப்பையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்