பொதுக் கட்டமைப்புக்கும் ஒரு நினைவு நாள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுனாமியின் 20ஆவது ஆண்டையொட்டி 2024 டிசம்பர் 26 வியாழக்கிழமை தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை வரி விடாமல் வாசித்தேன். அலையில் அள்ளுண்ட பெரேலிய ரயில் இருந்தது. மருதமுனை, நாவலடி, முல்லைத்தீவு இருந்தன. எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் பங்குக்குக் கிண்ணியா ஆஸ்பத்திரி பற்றி ஒரு பந்தி போட்டிருந்தீர்கள், நன்றி. ஆனால் நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிடுவதற்காக அரசாங்கமும் புலிகளும் 2005 ஜூன் 24ஆம் திகதி கைச்சாத்திட்ட ஒப்பந்தமான சுனாமிப் பொதுக் கட்டமைப்பு பற்றி ஒரு வரியும் இல்லை. மூன்று கிழமைக்குள் அதற்கு நேர்ந்த கதியைப் பற்றியும் இல்லை. அந்தக் குறையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவில் கிராம சேவையாளராக இருந்து இளைப்பாறியவன். கடற்கரைப் பிரிவு, தமிழரும் முஸ்லிம்களும் கலந்து இருக்கிற இடம். சனம் இன்றைக்கும் என்னை 'விதானையார்' என்றுதான் கூப்பிடும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அதோடு போயா (பௌர்ணமி) விடுமுறை. கந்தோர்கள் பூட்டு. மேலதிகாரிகளில் பாதிப்பேர் நத்தார் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். அன்று பின்னேரம் ஒரு பாடசாலை விறாந்தையில் குந்தியிருந்து, யாரோ தந்த சி.ஆர். கொப்பியில் பெயர் எழுதத் தொடங்கினேன். இறந்தவர், காணாமற்போனவர், வீடிழந்தவர் என்று மூன்று நிரல். அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணி உறுதி எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. வாய்ச்சொல்லும் என்னுடைய ஞாபகமும்தான் ஆவணம். ஒரு தாய் வந்து தன் பிள்ளையின் பெயரை இரண்டாவது நிரலில் எழுதச் சொன்னார். முதலாவது நிரலில் எழுதினால் பிள்ளையைத் தேட மாட்டார்கள் என்று பயந்தார். அப்படியே எழுதினேன்.

அந்த முதல் கிழமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கந்தளாய், ஹொரவப்பொத்தானைப் பக்கமிருந்து சிங்களச் சனம் உழவு இயந்திரங்களில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தது. பள்ளிவாசலில் சமைத்தது கோயில் மடத்துக்கு வந்தது. இதைத் தாங்களும் எழுதியிருந்தீர்கள், உண்மைதான். ஆனால் எல்லா நினைவுக் கட்டுரைகளும் அந்தச் சோற்றுப் பார்சலோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது.

நிவாரணக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இறந்தவரின் ஈமச்செலவுக்கு 15,000 ரூபா. ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபா: 200 காசு, 175க்குச் சாமான். குடும்பத்துக்கு மாதம் 5,000. முழுதாக இடிந்த வீட்டுக்கு 250,000, பகுதியாக இடிந்ததற்கு 100,000. 'முழுது' எது, 'பகுதி' எது என்பதில் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. இதற்கு மேல் கரையோரத் தடை வேறு. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். ஒரு கரைவலைச் சம்மாட்டி என்னிடம் கேட்டார், "ஏன் விதானையார், தெற்குப் பக்கம் அலை பாதி உயரமோ?" மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாலும் பதில் வந்திராது. பிறகு அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்கிடையில் உள்ளே தூரத்துக் காணிகளுக்குப் போன தொழிலாளிகள் பலர், வள்ளத்தைப் பார்க்க விடியற்காலையில் சைக்கிள் மிதிக்க வேண்டியதாயிற்று.

இனிப் பொதுக் கட்டமைப்புக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெடியனிடம் இதைப் பற்றிச் சொன்னபோது, "அது என்ன ஐயா, சுனாமிக்குக் கட்டின ஏதும் பில்டிங்கா?" என்று கேட்டான். பட்டதாரிப் பிள்ளை, கெட்டிக்காரன். அவனில் பிழையில்லை, யாரும் சொல்லவில்லை.

கிராம மட்டத்தில் விஷயம் இதுதான். திருகோணமலை மாவட்டத்தில் அப்போது இரண்டு ஆட்சி. நாங்கள் இருந்த பக்கம் அரசாங்கத்தின் கட்டுப்பாடு. சம்பூர், ஈச்சிலம்பற்று போன்ற மூதூர் கிழக்குப் பகுதிகள் புலிகளின் கட்டுப்பாடு. அங்கேயும் கிராம சேவையாளர்கள் இருந்தார்கள், அரசாங்கச் சம்பளம்தான் எடுத்தார்கள். அங்கிருந்து கட்டைபறிச்சான் சோதனைச் சாவடி தாண்டி, மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு வந்த ஒரு சகபாடி இரண்டு பட்டியல் வைத்திருந்தார். ஒன்று அரச அதிபருக்கு. மற்றது புலிகளோடு சேர்ந்து இயங்கிய நிவாரண அமைப்பான தமிழர் புனர்வாழ்வுக் கழகத்துக்கு. அதே குடும்பங்கள், அதே சாவுகள். ஒரு பட்டியலில் கூடாரம் கிடைக்கும், மற்றதில் வள்ளம் கிடைக்கும், சில வேளை இரண்டிலும் ஒன்றும் கிடைக்காது. வெளிநாட்டுத் தூதரகங்களோ புலிகளின் கையில் காசு கொடுக்கச் சட்டம் விடாது என்றன. இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் அரசாங்கமும் புலிகளும் கையொப்பமிட்டார்கள்.

அதில் இருந்தது பெரிய இராச்சியம் ஒன்றுமில்லை. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய ஆறு மாவட்டங்களிலும் கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையான நிலத்துக்கு மட்டும்தான் அது. மேல் மட்டக் குழுவில் அரசாங்கம், புலிகள், முஸ்லிம்கள் என ஒவ்வொருவர். பிராந்தியக் குழுவில் பத்துப் பேர்: புலிகள் 5, முஸ்லிம்கள் 3, அரசாங்கம் 2. அந்தக் குழுவின் அலுவலகம் கிளிநொச்சியில். வெளிநாட்டுப் பணத்துக்கு ஒரு பிராந்திய நிதியம், அதன் காவலராக உலக வங்கி.

குறை இல்லாத ஒப்பந்தம் என்று நான் சொல்லவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் சகோதரர்கள் கேட்டது நியாயமான கேள்வி: "மையத்து (பிரேதம்) எங்கட, கையெழுத்து மட்டும் உங்கடயா?" அவர்களை மூன்றாவது கையொப்பக்காரராகச் சேர்த்திருக்க வேண்டும். காசு ஆயுதத்துக்குப் போகும் என்று தெற்கில் பயந்ததையும் நான் வெறும் இனவாதம் என்று தள்ளமாட்டேன். புலிகள் அந்த நாட்களில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது இந்த மாவட்டத்துச் சனத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் பயத்துக்குப் பரிகாரமாகக் கணக்கு வழக்கை இறுக்கியிருக்கலாம். அவர்கள் கட்டமைப்பையே உடைத்தார்கள்.

உடைத்தது யார்? கைச்சாத்திடுவதற்கு முன்பே, ஜூன் 16ஆம் திகதி, பங்காளிக் கட்சியாக இருந்த ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) ஜனாதிபதி சந்திரிகா அம்மையாரின் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. அவர்களுடைய 39 உறுப்பினர்கள் போனதால் அரசாங்கம் பெரும்பான்மை இழந்தது. அலையில் வள்ளமும் வலையும் பறிகொடுத்த நாட்டில் மீன்பிடி அமைச்சு அதுவரை அவர்கள் கையில்தான் இருந்தது என்பதையும் ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உயர் நீதிமன்றம் போனார்கள். ஜூலை 15ஆம் திகதி பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. முழு ஒப்பந்தத்துக்கும் அல்ல. கிளிநொச்சி அலுவலகம், பிராந்திய நிதியம் என்று அது இயங்குவதற்கு வேண்டிய உறுப்புகளுக்குத்தான் தடை. அதன் பிறகு அது எழும்பவில்லை. ஆகஸ்ட் 12ஆம் திகதி வெளிவிவகார அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டார். அதோடு அதைப் பற்றிப் பேசவும் ஆளில்லை.

செப்டெம்பரில் ஜனாதிபதி வேட்பாளர் மஹிந்த ராஜபக்ஷவும் ஜே.வி.பி.யும் ஒப்பந்தம் செய்தபோது பொதுக் கட்டமைப்பை ஒழிப்பது அதில் ஒரு நிபந்தனை. நவம்பர் 17ஆம் திகதி தேர்தல். வடக்கில் புலிகள் வாக்களிக்க விடவில்லை. ஏறத்தாழ 180,000 வாக்கு வித்தியாசத்தில் அவர் ஜனாதிபதியானார். அதே ஆண்டில்தான் அவருடைய 'ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை' விவகாரமும் வந்தது. சுனாமிக்கு வந்த 82 மில்லியன் ரூபா தனிக் கணக்கொன்றில் போடப்பட்டது என்று விசாரணை தொடங்க, அதை நிறுத்தியதும் அதே பிரதம நீதியரசரின் நீதிமன்றம். அந்தத் தீர்ப்புக்காக அவர் 2014இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பொதுக் கட்டமைப்புத் தடைக்காக எங்களிடம் யாராவது அப்படிக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

2006இல் நடந்ததை இந்த மாவட்டத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரலில் சந்தைக் குண்டு. ஆகஸ்டில் மூதூர். அங்கே 'பட்டினிக்கு எதிரான அமைப்பு' என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஊழியர்கள் பதினேழு பேர் அலுவலக முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். அவர்கள் சுனாமியால் பாதிக்கப்பட்ட சனத்துக்குத் தண்ணீரும் மலசலகூடமும் அமைக்க வந்த பிள்ளைகள். அவர்களுடைய பெயரை யாரும் சுனாமிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. என் கொப்பி என்னிடம் இருந்திருந்தால் நான் சேர்த்திருப்பேன். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. சம்பூர்ச் சனமும் அந்த ஆண்டு வெளியேறியதுதான், 2015இலிருந்துதான் மறுபடி மண்ணை மிதித்தது.

பொதுக் கட்டமைப்பு இருந்திருந்தால் யுத்தம் வந்திராது என்று நான் சோதிடம் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் குந்தி, வள்ளத்துக்கும் கிணற்றுக்கும் கணக்குப் பார்த்திருப்பார்கள். அந்தப் பழக்கம் பிடிபடுவதற்கு ஒரு வருடமாவது கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 2005 ஜூனில் பதவி விலகிய ஜே.வி.பி. அமைச்சர்களில் ஒருவர், விவசாய, காணி, நீர்ப்பாசன அமைச்சராக இருந்த அநுர குமார திஸாநாயக்க. இன்று நாட்டின் ஜனாதிபதி. அவரோடு விலகிய விஜித ஹேரத் இன்று வெளிவிவகார அமைச்சர், லால்காந்த விவசாய அமைச்சர். 2024 நவம்பர் 14 தேர்தலில் அவர்களுடைய தேசிய மக்கள் சக்திக்குப் பாராளுமன்றத்தில் 159 ஆசனம். திருகோணமலையின் நான்கில் இரண்டு அவர்களுடையது. எங்கள் மாவட்ட உறுப்பினர் ஒருவர் வெளிவிவகாரப் பிரதி அமைச்சராகவும் இருக்கிறார். மறைக்க ஒன்றுமில்லை, நானும் அவர்களுடைய திசைகாட்டிச் சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டேன். திருடாதவர்கள் வரட்டும் என்று போட்டேன், இன்னும் அந்த நம்பிக்கை போகவில்லை. வாக்குப் போட்டவனுக்குக் கேள்வி கேட்க உரிமை கூடவே உண்டு.

26ஆம் திகதி காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். ஆண்டுதோறும் நடப்பதுதான். அது தெற்குக் கரையின் நேரம். கிழக்குக்கு அலை அதற்கு முன்பே வந்துவிட்டது, நாங்கள் 9.25க்குப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தோம். இதற்காக நான் சண்டை பிடிக்கவில்லை, ஒரு நாட்டுக்கு ஒரு நேரம் வேண்டும்தான். ஆனால் மௌனம் முடிந்த பிறகு பேசியவர்களில் ஒருவர்கூட, 'எங்கள் கட்சி அன்று ஒரு முடிவெடுத்தது, அது சரி' என்றோ 'பிழை' என்றோ சொல்லவில்லை. சரி என்றே இன்னும் நினைத்தால் அதையாவது சொல்லட்டும். கேட்டுக்கொள்கிறோம். 1983இல் தம்மைத் தடைசெய்தது அநியாயம் என்று அவர்கள் சொல்லும்போது நாம் கேட்பதில்லையா?

ஜனாதிபதி திருகோணமலைக்கு வரும்போது, பொதுக் கட்டமைப்பைப் பற்றி இன்று அவருடைய நிலைப்பாடு என்ன என்று தங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கூட்டத்தில் கைதட்டு முடிவதற்கு முன் கேட்டால் நல்லது.

தங்களிடம் நேரடியாக ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தை வருகிற ஜூன் 24ஆம் திகதி, அதன் நினைவு நாளன்று, தமிழில் முழுதாகப் பிரசுரியுங்கள். விளம்பரம் குறைந்த நாளாகப் பார்த்துப் போட்டாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு ஒரு பிரதி நான் வாங்கிக் கொடுப்பேன். எங்கள் பிரிவில் வாசிகசாலைகள் ஒன்றிரண்டு இன்னும் திறக்கிறார்கள், அங்கேயும் வைப்பேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய கிராம சேவையாளர்,
திருகோணமலை.