துளைப்பான் வண்டுக்குக் குளவியே எதிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் மழைக்காலத்தில் சாய்ந்த மரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் அக்கறையுடன் செய்தி வெளியிட்டு வருகிறது. அவற்றுள் சிலவற்றின் தண்டில் துளைப்பான் வண்டின் புழுக்கள் குடைந்த பாதைகளைக் காணலாம். துளை தென்பட்டதும் பூச்சிமருந்தை ஊற்றுவது, இல்லாவிட்டால் மரத்தையே வெட்டுவது என்பதே இங்குப் பெரும்பாலும் நடைமுறையாக உள்ளது. பூச்சிகளின் முட்டையிலோ புழுவிலோ தம் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2002ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தது. ஆசியாவிலிருந்து வந்த அந்த வண்டுக்கு அதன் தாயகத்திலேயே இயற்கை எதிரிகளைத் தேடிய அறிவியலாளர்கள், சீனாவிலிருந்து கொண்டுவந்த குளவிகளை 2007 முதல் வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்று வண்டின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடும். டெட்ராஸ்டிகஸ் என்ற மற்றொன்று மரப்பட்டையைத் துளைத்து உள்ளிருக்கும் புழுவைத் தேடி அதன் உடலில் முட்டையிடும். இதன் முட்டையிடும் ஊசி குட்டையானதால் தடித்த பட்டையுள்ள முதிய மரங்களில் எட்டவில்லை. ஆகவே, நீண்ட ஊசியுடைய வேறொரு குளவியை ரஷ்யாவின் தூரக் கிழக்கிலிருந்து வரவழைத்து, 2015இல் அதற்கும் அனுமதி வழங்கினார்கள். முதிய மரங்கள் பெரும்பாலும் காப்பாற்றப்படவில்லை என்பது உண்மைதான். ஆயினும் இளங்கன்றுகளுக்கு இக்குளவிகள் பாதுகாப்பாக உள்ளன. கலிபோர்னியாவில் தைல மரங்களைத் துளைத்த வண்டையும் ஆஸ்திரேலிய முட்டை ஒட்டுண்ணிக் குளவி வெகுவாகக் குறைத்தது.

நம் ஊரிலோ, ஹெப்பாளத்தில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமே இருக்கிறது. 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டு விவசாயிகளைக் கதிகலங்கச் செய்தபோது, 2010இல் போர்ட்டோரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து அதை அடக்கியதில் இந்நிறுவனத்தின் பங்கு பெரியது. இத்தகைய குளவிகள் மனிதரைக் கொட்டுவதில்லை. குடியிருப்போர் அஞ்ச வேண்டியதில்லை.

அயல்நாட்டுக் குளவியை அவசரமாக இறக்குமதி செய்யுமாறு நான் கேட்கவில்லை. தீங்கற்ற பூச்சிகளையும் அது தாக்குமா என்ற ஆய்வு முதலில் தேவை. நகர நிர்வாகத்தின் மரப் பிரிவு இப்பணியகத்துடன் இணைந்து, துளைக்கப்பட்ட மரங்களிலிருந்து வெட்டிய கட்டைகளை வலைக்கூண்டில் வைத்து, அவற்றிலிருந்து வெளிவரும் வண்டுகளையும் குளவிகளையும் பதிவு செய்ய வேண்டும். அதுவரை தண்டுகளின்மேல் கண்மூடித்தனமாக மருந்து தெளிப்பதை நிறுத்த வேண்டும். அம்மருந்து நமக்கு உதவும் உள்ளூர்க் குளவிகளையும் சேர்த்தே கொல்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு