வேகத்தை யார் பிடித்திருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டோபைலட் வந்த பிறகு விமானிகள் கையால் ஓட்டுவதையே மறந்து வருகிறார்கள் என்ற கருத்தில் உங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கவலை நியாயமானதுதான். ஆனால் கட்டுரை ஆட்டோபைலட்டோடு நின்றுவிட்டது. நல்ல வெயிலில், பழுதில்லாத விமானத்தில், விமானியின் கை கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கும்போதே நடந்த விபத்துகள் உண்டு. அவற்றில் ஆட்டோபைலட் ஏற்கெனவே அணைந்திருந்தது. சிக்கல் வேறொன்றில் இருந்தது: எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ரஸ்ட். போயிங்கில் இதற்கு ஆட்டோ த்ராட்டில் என்று பெயர்.

இது எப்போதும் வேகத்தைக் காப்பாற்றும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 'ஸ்பீட்' மோடில் இருந்தால் வேகம் குறையக் குறைய எஞ்சினைக் கூட்டும். 'ஓப்பன் டிசென்ட்' போன்ற இறங்கும் மோடில் எஞ்சின் ஐடிலிலேயே, அதாவது மிகக் குறைந்த விசையிலேயே, கிடக்கும். வேகத்தைப் பிடிக்க வேண்டியது மூக்கின் கோணம். மூக்கை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதை ஃப்ளைட் டைரக்டரின் கோடுகள் திரையில் காட்டும். விமானி அந்தக் கோடுகளை விட்டுவிட்டு ஓடுபாதையைப் பார்த்து மூக்கைத் தூக்கிப் பிடித்தால், அந்த நொடியிலிருந்து வேகத்தை யாருமே பிடித்திருக்கவில்லை. இயந்திரம் விமானியை நம்பியிருக்கிறது, விமானி இயந்திரத்தை நம்பியிருக்கிறார்.

1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இதுதான் நடந்தது. மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, அன்றைக்குப் புத்தம் புதிய ஏர்பஸ் ஏ320. நண்பகல், வானம் தெளிவு. இறங்குவேகத்தை நிமிடத்துக்கு 700 அடி என்று வைக்கச் சொல்லப்பட்டது. விசாரணை சுட்டிய சாத்தியம் இது: இறங்குவேகக் குமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் உயரக் குமிழை 700-க்குத் திருப்பிவிட்டார்கள். பெங்களூரின் தரையே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடியில் இருக்கிறது. 700 அடி என்ற உயரத்தை விமானம் ஒருபோதும் எட்டாது. அது எட்டும்வரை எஞ்சின் ஐடிலை விட்டு எழாது.

இந்த விபத்தில் வேறொரு விவரம் முக்கியமானது. ஏ320-இல் இரண்டு ஃப்ளைட் டைரக்டர்கள் உண்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் அணைத்தால்தான் ஆட்டோ த்ரஸ்ட் 'ஸ்பீட்' மோடுக்குத் திரும்பும். ஒன்றை மட்டும் அணைத்தால் பழைய மோடிலேயே இருக்கும். குரல் பதிவில் ஒரு விமானி தன்னுடையதை அணைத்துவிட்டதாகச் சொல்கிறார். என்னுடையதை அணைக்கவில்லையே என்கிறார் மற்றவர். ஐடில் ஓப்பன் டிசென்டில் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்ற பேச்சும் அந்தப் பதிவில் இருக்கிறது. 400, 300, 200 என்று உயரம் அறிவிக்கப்படுகிறது. எஞ்சின் விசையைக் கூட்டும் லீவரான த்ராட்டிலை மட்டும் யாரும் உரிய நேரத்தில் தள்ளவில்லை. வேகம் இலக்கை விட 20 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேக அளவு) அளவுக்கும் மேல் குறைந்திருந்தது. கடைசியில் முழு விசை கேட்டபோது நேரம் இல்லை, ஏனென்றால் ஜெட் எஞ்சின் ஐடிலிலிருந்து முழு விசைக்கு எழப் பல நொடிகள் ஆகும். ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விமானம் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள்.

23 ஆண்டுகள் கழித்து, 2013 ஜூலை 6 அன்று, சான் பிரான்சிஸ்கோ. சியோலிலிருந்து வந்த ஏசியானா 214, போயிங் 777. அன்றும் பகல், தெளிவான வானம். கட்டுமான வேலைக்காக ஓடுபாதை 28எல்-இன் கிளைட் ஸ்லோப் (இறங்கு சரிவைக் காட்டும் ரேடியோ வழிகாட்டி) நிறுத்தப்பட்டிருந்ததால், கண்ணால் பார்த்து இறங்க வேண்டிய நிலை. விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் இருந்தது. விமானி எஃப்.எல்.சி.எச். என்ற, உயரம் மாற்றும் மோடைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் உயரச் சாளரத்தில் கோ-அரவுண்டுக்கான (தரையிறங்காமல் மீண்டும் மேலேறுவதற்கான) 3,000 அடி வைக்கப்பட்டிருந்தது. விமானம் இறங்குவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கியது. அவர் ஆட்டோபைலட்டை அணைத்து, த்ராட்டில்களை ஐடிலுக்கு இழுத்தார். அவ்வளவுதான், ஆட்டோ த்ராட்டில் 'ஹோல்ட்' மோடுக்குப் போய்விட்டது. ஹோல்ட் என்றால் லீவர் வைத்த இடத்தில் இருக்கும், வேகம் எவ்வளவு விழுந்தாலும் அது அசையாது. இலக்கு வேகம் 137 நாட். கடற்சுவரில் வால் மோதும் முன் சுமார் 103 வரை விழுந்துவிட்டது. மூன்று பேர் இறந்தார்கள்.

இங்கேயும் ஃப்ளைட் டைரக்டர் இடையில் வருகிறது. இரண்டு சுவிட்சும் ஒரே நேரத்தில் அணைந்த நிலையில் இருந்திருந்தால் ஆட்டோ த்ராட்டில் வேக மோடுக்குப் போயிருக்கும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. ஒன்று அணைந்திருந்தது, ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. வேறு கண்டம், வேறு நிறுவனம், வேறு தலைமுறை விமானம், சுவிட்ச் ஒன்றுதான்.

இதைத் திரையில் பார்க்க முடியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். முடியும். விமானியின் முதன்மைத் திரையின் மேல் விளிம்பில் எஃப்.எம்.ஏ. என்ற பட்டை இருக்கிறது. எந்த மோட் ஓடுகிறது என்பதைக் காட்டும் ஒரே நம்பகமான இடம் அதுதான். குமிழையும் பொத்தானையும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மோட் மாறினால் அந்தச் சொல்லைச் சுற்றி 10 நொடிக்கு ஒரு கட்டம் தெரியும். அந்த 10 நொடியில் கண் ஓடுபாதையில் இருந்தால், பிறகு அது மற்ற எழுத்துகளோடு சாதாரணமாகக் கலந்துவிடும். ஏர்பஸ்ஸில் இன்னொரு சிரமமும் உண்டு. ஆட்டோ த்ரஸ்ட் எஞ்சினைக் கூட்டினாலும் குறைத்தாலும் லீவர் நகராது, எனவே கைக்கு எந்தச் செய்தியும் வராது. போயிங்கில் லீவர் நகரும், ஆனால் ஹோல்டில் நகராது.

இனி பயிற்சிக்கு வருகிறேன். கையால் ஓட்டிப் பழகுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. ஆட்டோபைலட்டை மட்டும் அணைத்துவிட்டு, ஆட்டோ த்ரஸ்ட்டையும் ஃப்ளைட் டைரக்டரையும் இயங்கவிட்டு ஓட்டுவதைத்தான் பல இடங்களில் கைப்பயிற்சி என்கிறார்கள். என் பார்வையில் அது பயிற்சியே அல்ல. கோடு சொல்லும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோவதை ஆட்டோபைலட் இன்னும் நன்றாகச் செய்யும். கண் வேகத்துக்கும் கோணத்துக்கும் உயரத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டும், கை எஞ்சினைத் தானே சரிசெய்ய வேண்டும். அதற்கு இரண்டு ஃப்ளைட் டைரக்டர்களும் ஆட்டோ த்ரஸ்ட்டும் அணைந்திருக்க வேண்டும்.

அப்படி ஓட்டும்போது மனத்தில் நிற்க வேண்டிய கணக்குகள் எளியவை. மூன்று டிகிரிச் சரிவில் இறங்க, தரைவேகத்தில் பாதியை எடுத்துப் பத்தால் பெருக்கினால் இறங்குவேகம் கிடைக்கும்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று கடல் மைல் தூரம். தெளிவான வானிலையில் 500 அடிக்கு வரும்போது வேகம் இலக்கில் இருக்க வேண்டும், இறங்குவேகம் ஆயிரத்தைத் தாண்டக் கூடாது, எஞ்சின் ஐடிலில் இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் கோ-அரவுண்ட். ஏசியானா 500 அடியில் இருந்தபோது வேகம் சரியாகவே தெரிந்தது. ஐடிலில் கிடந்த எஞ்சினும் 1,200 அடி அளவில் இருந்த இறங்குவேகமும் அங்கேயே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன.

கோணமும் விசையும் தெரிந்தால் வேகமானியே இல்லாமலும் விமானம் பறக்கும். ஏ320-இல் வேகமானி பொய் சொன்னால் மனப்பாடமாகச் செய்ய வேண்டியது இது: புறப்பட்டதும் 15 டிகிரி, முழு விசை, அதைக் கடந்து 10,000 அடி வரை 10 டிகிரி, ஏறுவிசை, அதற்கு மேல் 5 டிகிரி, ஏறுவிசை. 2009 ஜூன் 1 அன்று அட்லான்டிக்கின் மேல் ஏர் பிரான்ஸ் 447-இன் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனி அடைத்தபோது, வேகக் குறியீடு தவறாக இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆட்டோபைலட் விலகியதும் மூக்கு தூக்கப்பட்டு, விமானம் 35,000 அடியிலிருந்து சுமார் 38,000 வரை ஏறி, இறக்கைகள் தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆனது. நாலரை நிமிடத்துக்குள் 228 உயிர்கள் போயின.

நிறுவனங்களின் தரப்பிலும் உண்மை உண்டு. 29,000 முதல் 41,000 அடி வரை விமானங்களுக்கிடையே மேல்கீழாக ஆயிரம் அடிதான் இடைவெளி, அங்கே உயரத்தை இயந்திரம்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. பனிமூட்டத்தில் ஓடுபாதை தெரியாதபோது தானியங்கித் தரையிறக்கமே பாதுகாப்பு. மழைநாளில், நெரிசலான விமான நிலையத்தில், களைத்த விமானி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பழகுவதை நானும் ஏற்கமாட்டேன். எஞ்சியிருப்பது தெளிவான நாளின் ஏற்றமும் இறக்கமும். அந்த நேரத்தையும் கொடுக்காமல் தடுப்பது பெரும்பாலும் பயம். பறப்பின் தரவுப் பதிவில் வேகம் ஐந்து நாட் பிசகினாலே அலுவலகம் விளக்கம் கேட்கும் என்றால், எந்த விமானிதான் ஆட்டோ த்ரஸ்ட்டை அணைப்பார்?

2013 ஜனவரியிலேயே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், கைப்பறப்பை ஊக்குவிக்கும்படி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஏசியானா விழுந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. அறிவுறுத்தலோடு விட்டால் போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சிமுலேட்டர் தேர்வில், இரண்டு ஃப்ளைட் டைரக்டர்களும் ஆட்டோ த்ரஸ்ட்டும் அணைந்த ஒரு முழுத் தரையிறக்கம் கட்டாயமாக வேண்டும். ஆட்டோ த்ரஸ்ட் வேகத்தைக் கைவிடும் மோடுக்கு விமானத்தை வேண்டுமென்றே கொண்டுபோய், விமானி எத்தனை நொடியில் கண்டுபிடிக்கிறார் என்று அளக்க வேண்டும். ஃப்ளைட் டைரக்டரை அணைக்கும்போது இரண்டும் அணைந்ததை எஃப்.எம்.ஏ.-வைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வதை எல்லா நிறுவனங்களும் செயல்முறையில் எழுத வேண்டும். வானிலை நன்றாக உள்ள நாளில், முன்கூட்டியே சக விமானியிடம் அறிவித்துவிட்டுக் கையால் ஓட்டியதில் வரும் சிறு பிசகுகளுக்குத் தண்டனை இல்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இந்த நான்கையும் ஒரே சுற்றறிக்கையில் கொண்டுவரலாம்.

இப்படிக்கு,
விமானப் பயிற்சித் துறையைச் சேர்ந்த வாசகர்,
சென்னை